எல்லாம் பச்சை, ஆனா பில்லு வரல

நாலு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும்.

பாகூர்ல வீட்டுத் திண்ணையில உக்காந்து டீயை ஊதி ஊதிக் குடிச்சிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. ஆபீஸ் பில்லிங் கவுன்டர்.

"மேடம், பில்லு வரல. லோடு ஏத்துன வண்டி மூணு கேட்டுலயே நிக்குது."

லேப்டாப்பைத் திறந்து, எங்க சர்வரையெல்லாம் பாத்துக்கிற விசென்டருக்குள்ள போனேன். ஹோஸ்ட் மூணும் பச்சை. பில்லிங் விஎம் பச்சை. டேட்டாபேஸ் விஎம் பச்சை. டேட்டாஸ்டோர்ல இடம் இருக்கு. நெட்வொர்க் இருக்கு. சம்பா நட்ட வயல் கூட அவ்ளோ பச்சையா இருக்காது.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு."

"நல்லா இருந்தா பில்லு ஏன் மேடம் வரல?"

(நியாயமான கேள்வி. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பதில் கெடச்சுது.)

காரணம் நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மெமரி மிச்சம் பண்றேன் பேர்வழின்னு, 'டெஸ்ட்-பழசு'ன்னு பேர் வெச்ச ஒரு குட்டி விஎம்மை அணைச்சிட்டு பஸ் ஏறிட்டேன். பேரைப் பாத்தா யாருக்கும் வேணாத பய மாதிரி இருந்தான். ஆனா பில்லிங் சாப்ட்வேரோட லைசன்ஸ் சர்வீஸ் அவன்கிட்டதான் ஓடிட்டு இருந்திருக்கு. எனக்கு முன்னாடி வேலை பாத்தவரு எப்பவோ 'சும்மா சோதனைக்கு' வெச்சது. சோதனை அப்படியே குடித்தனம் ஆயிடுச்சு. யாரும் எழுதி வெக்கல.

நாமளா அணைச்ச விஎம் சிவப்புல காட்டாது பாருங்க. வேணும்னுதானே அணைச்சோம், அப்புறம் எதுக்கு அலர்ட்? சாப்ட்வேரு அது அளவுல சரியாத்தான் நடந்துக்கிச்சு. இவனை நம்பி ஒருத்தன் பொழைக்கிறான்ங்கிற விஷயத்த அதுகிட்ட யாருமே சொல்லல.

அந்த எரிச்சல்ல ஆரம்பிச்ச வேலை இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்கு. மெஷினுங்களுக்குள்ள இருக்கிற சொந்தபந்தத்த சாப்ட்வேருக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது, அதுல நான் எத்தனை தடவை குப்புற விழுந்தேன்னு எழுதுறேன். சிரிச்சுக்குங்க.

முதல்ல, இந்தத் தொழில்ல இல்லாதவங்களுக்கு ரெண்டு வரி.

பழைய பெரிய வீடு ஒண்ணு. உள்ள பத்து ஒண்டுக்குடித்தனம். அடுப்பு தனி, பூட்டு தனி. கூரை, கிணறு, மெயின் சுவிட்ச் பொது. வீடுதான் ஹோஸ்ட். குடித்தனம்தான் விஎம், அதாவது வர்ச்சுவல் மெஷின். இந்த மாதிரி வீடு மூணு சேந்தா கிளஸ்டர். ஒரு வீட்டுல நெரிசல்னா குடித்தனத்த சாமானோட தூக்கி அடுத்த வீட்டுல வெக்கிறது டிஆர்எஸ். (உள்ள சமையல் நடக்கும்போதே தூக்கி வெக்கும். அடுப்பு கூட அணையாது.) ஒரு வீடு இடிஞ்சா அங்க இருந்தவங்களுக்கு வேற வீட்டுல இடம் பாத்துக் குடுக்கிறது ஹெச்ஏ. இத்தனையையும் மேல உக்காந்து பாக்கிற வீட்டுக்காரம்மா விசென்டர்.

இந்த வீட்டுக்காரம்மாவுக்கு யாரு எந்த வீட்டுல இருக்கான்னு அத்துப்படி. ஆனா யாரு யாருகிட்ட கடன் வாங்கி சாப்பிடுறான்னு தெரியாது.

எங்க பெரியப்பாவ எடுத்துக்குங்க. எனக்குப் பெரியப்பா. எங்கம்மாவுக்கு மாமா. கோயில் திருவிழாவுக்கு வரி தண்டுறவரு. கூட்டுறவு சொசைட்டி ரிஜிஸ்டர்ல நகைக்கடன் பாக்கிக்காரரு. ஆளு ஒண்ணு, நோட்டு நாலு. விசென்டர்லயும் அப்படித்தான், நாலு பார்வை இருக்கு. ஹோஸ்ட் கிளஸ்டர் பார்வையில பாத்தா ஒரு விஎம் எந்த வீட்டுல இருக்குன்னு தெரியும். விஎம் டெம்ப்ளேட் பார்வையில எந்த போல்டர்ல இருக்குன்னு. ஸ்டோரேஜ் பார்வையில அதோட டிஸ்க் எங்கன்னு. நெட்வொர்க் பார்வையில எந்த லைன்ல மாட்டியிருக்குன்னு.

நாலுலயும் இல்லாத அஞ்சாவது நோட்டுதான் எனக்குத் தேவைப்பட்டுது. யாரு யாரை நம்பி இருக்கா?

இதை எங்க ஊர வெச்சே சொல்லலாம்.

பாகூர் யாருக்குச் சொந்தம்? புதுச்சேரிக்கு. கொம்யூன் பஞ்சாயத்து, தாலுக்கா ஆபீஸ், ரேஷன் கார்டு எல்லாம் அந்தக் கணக்கு. இது போல்டர்.

பாகூர் எங்க இருக்கு? கடலூர் பக்கத்துல. பின்கோடு கூட 607402, கடலூர்க்காரங்க வரிசை. எல்லை எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு போர்டைப் பாத்து சொல்ல முடியாது. வரிசையா பெட்ரோல் பங்க்கும் பிராந்திக்கடையும் வந்தா நம்ம ஊருன்னு வெச்சுக்க வேண்டியதுதான். இது ஹோஸ்ட். (மாஹேவும் ஏனாமும் இன்னும் மோசம். ஒரே போல்டர், ஆனா ஒண்ணு கேரளாவுக்குள்ள உக்காந்திருக்கு, இன்னொண்ணு ஆந்திராவுக்குள்ள.)

பாகூர் எதை நம்பி இருக்கு? ஏரியை. ஏரி எதை நம்பி இருக்கு? தென்பெண்ணைத் தண்ணிய. சொர்ணாவூர் அணைக்கட்டுல திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியா வரணும். அந்த ஆறு கர்நாடகாவுல பொறந்து, தமிழ்நாடு வழியா வருது. இதுதான் அந்த அஞ்சாவது நோட்டு, நம்பி இருக்கிற கோடு. எந்த ஆபீஸ் சார்ட்டுலயும் இந்தக் கோடு இருக்காது.

2024 டிசம்பர் ஆரம்பத்துல இந்தக் கோடு இருக்கிறது ஊருக்கே புரிஞ்சுது. பெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி நம்ம பக்கம் கரையேறுச்சு, மழை கொட்டித் தீத்துச்சு. சரி, விட்டுடுச்சுன்னு மூச்சு விட்டோம். அதுக்கு அடுத்துதான் திருவண்ணாமலை மாவட்டத்துல சாத்தனூர் அணையிலேர்ந்து 1.6 லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க. டிசம்பர் 2-ந் தேதி தென்பெண்ணை கரை மீறி, பாகூர் பக்கத்து ஆத்தோர ஊரெல்லாம் முழுகுச்சு. நம்ம ஊர்ல மழை பெஞ்சு வந்த வெள்ளம் இல்ல அது. நம்ம வீட்டு மேல மேகமே இல்ல, ஆனா முழங்கால் தண்ணி.

அந்தப் பக்கம் வில்லியனூர்ல கேளுங்க. சங்கராபரணிக் கரை. விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையில ஷட்டரைத் தூக்குனா இங்க தண்டோரா போடணும். வீடூர் புதுச்சேரி போல்டர்ல இல்ல. ஆனா அலர்ட் வந்தே ஆகணும்.

'டெஸ்ட்-பழசு' எனக்கு வீடூர் அணை. நான் ஷட்டரை மூடிட்டேன், தண்டோரா போடல. அவ்ளோதான் கதை.

சரி, திருத்துறதுன்னு முடிவு பண்ணிட்டேன். முதல் முயற்சி, ரூல் போடுறது.

விசென்டர்ல கிளஸ்டருக்குள்ள போய் ரூல் எழுதலாம். "இந்த ரெண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்ட்ல இருக்கட்டும்"னு ஒரு வகை. "இந்த ரெண்டும் ஒரே ஹோஸ்ட்ல இருக்கவே கூடாது"ன்னு ஒரு வகை. நான் இதை மச்சான் ரூல், பங்காளி ரூல்னு ஞாபகம் வெச்சுக்கிறேன். பில்லிங்கும் டேட்டாபேஸும் நொடிக்கு நூறு தடவை பேசிக்கிற மச்சானுங்க, ஒரே வீட்டுல இருந்தா வேலை வேகமா நடக்கும். லாகின் சரிபாக்கிற டொமைன் கன்ட்ரோலர் ரெண்டும் பங்காளி. ஒரே சொத்துக்கு ரெண்டு வாரிசு. ஒரே கூரைக்கு அடியில வெச்சா, கூரை விழுந்தா வம்சமே போச்சு. தனித்தனி வீடுதான்.

இது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. எங்க டீம்ல ஒரு தம்பி இருக்கான், ஆர்வக்கோளாறு. பில்லிங் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் பிரிச்சு வெக்கணும்னு அவன் ஒரு ரூல் போட்டிருக்கான். என் ரூல் சேருங்குது, அவன் ரூல் பிரிங்குது. இந்த மாதிரி முட்டிக்கிட்டா டிஆர்எஸ் பழைய ரூலை வெச்சுக்கிட்டு புதுசை முடக்கிப் போட்டுடும். மூத்தவங்க பேச்சுக்கு மரியாதை இருக்கிற இடம் இன்னிக்கு அது ஒண்ணுதான். (தம்பி ரெண்டு நாள் என்கூட பேசல.)

அடுத்தது மூணாவது வகை ரூல். விஎம்முக்கும் ஹோஸ்டுக்கும் முடிச்சுப் போடுறது. இதுல ரெண்டு சொல்லு இருக்கு. 'மஸ்ட்', 'ஷுட்'. இருந்தே ஆகணும், இருந்தா நல்லது.

எங்க டேட்டாபேஸுக்கு லைசன்ஸ் ரெண்டாவது ஹோஸ்டுக்கு மட்டும்தான் வாங்கியிருந்தோம். வேற ஹோஸ்டுக்கு ஓடிப் போயிட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம். அதனால கண்ணை மூடிக்கிட்டு 'மஸ்ட்' போட்டேன். பெருமையா வேற இருந்துச்சு, கட்டுக்கோப்பா குடும்பம் நடத்துற மாதிரி.

மூணாவது வாரம் ரெண்டாவது ஹோஸ்டோட மதர்போர்டு செத்துச்சு.

பயப்படல நான். ஹெச்ஏ இருக்கே. சில நிமிஷத்துல அங்க இருந்த விஎம் ஒவ்வொண்ணா பக்கத்து வீட்டுல எந்திரிச்சுது. டேட்டாபேஸ் மட்டும் எந்திரிக்கல. ஸ்டோரேஜான்னு பாத்தேன். நெட்வொர்க்கான்னு பாத்தேன். முக்கா மணி நேரம். அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. 'மஸ்ட்'னு நான் எழுதுன ரூலை ஹெச்ஏவும் மதிக்கும். ரெண்டாவது வீட்டுலதான் இருக்கணும்னு சொல்லிட்டேன், அந்த வீடே இல்ல. அப்ப அவன் தெருவுலதான் நிப்பான். எழுந்து வரவே மாட்டான்.

ரூலை எடுத்துட்டு ஆன் பண்ணேன். உடனே வந்துட்டான்.

எங்க மேனேஜர் கேட்டாரு: "ஏம்மா, சர்வர் செத்தா தானா வேற எடத்துல வரும்னு சொல்லித்தானே இதையெல்லாம் வாங்குனோம்?"

"ஆமா சார். நான்தான் வர விடல சார்."

(இதுக்கு மேல அந்தப் பேச்சைப் பத்தி எழுத வேணாம்.)

இப்ப லைசன்ஸை இன்னொரு ஹோஸ்டுக்கும் வாங்கி, ரூலைத் திரும்பப் போட்டு, அதோட ஹோஸ்ட் குரூப்ல ரெண்டு ஹோஸ்டையும் சேத்திருக்கேன். மத்த எல்லாமே 'ஷுட்'. சட்டம், லைசன்ஸ் மாதிரி நிஜமாவே மீறக் கூடாத விஷயத்துக்கு மட்டும்தான் 'மஸ்ட்', அதுவும் ஒத்தை ஹோஸ்டுக்குக் கிடையவே கிடையாது.

போற போக்குல ஒண்ணு. எந்திரிக்கிற வரிசையும் ஒரு சொந்தம்தான். விசென்டர் இருக்கிற விஸ்பியர் தொகுப்போட 6.5 பதிப்பு வந்த 2016-லேர்ந்து "டேட்டாபேஸ் குரூப் முதல்ல, அது எந்திரிச்ச பிறகுதான் பில்லிங் குரூப்"னு ஹெச்ஏகிட்ட ரூலாவே சொல்லி வெக்கலாம். நான் இத்தனை நாளா அதை ஒரு பேப்பர்ல எழுதி ரேக் கதவுல ஒட்டி வெச்சிருந்தேன். சிரிப்பா இருக்கு இல்ல? கரன்ட் போன இருட்டுல அந்தப் பேப்பர் எப்படித் தெரியும்னு யோசிக்கவே இல்ல.

இனி ரெண்டாவது முயற்சி.

ரூல் சொல்றது யாரு எங்க இருக்கணும்னு. யாரு யாரை நம்பி இருக்காங்கிறதுக்கு கண்காணிப்பு சாப்ட்வேர் வேணும். எங்ககிட்ட இருக்கிறது ஆரியா ஆபரேஷன்ஸ். (முன்னாடி விரியலைஸ் ஆபரேஷன்ஸ்னு பேரு. அதுக்கும் முன்னாடி வேற பேரு. பேர் மாத்துறதுல அவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல.) ஹோஸ்ட், விஎம், டேட்டாஸ்டோர் சொந்தமெல்லாம் அது தானாவே கண்டுபிடிச்சுக்கும். அது போக, நாமளா ஒரு பேரன்ட் எடுத்து, அதுக்குக் கீழ சைல்டை இழுத்துப் போடலாம். அப்ளிகேஷன்னு ஒண்ணு உண்டாக்கி, உள்ள அடுக்கு அடுக்கா பிரிச்சு, ஒவ்வொரு அடுக்குலயும் விஎம் சேக்கலாம்.

இங்கதான் நான் அம்புக்குறியைத் தலைகீழாப் போட்டேன்.

நம்ம புத்தி எப்படி? அப்பாதான் சோறு போடணும். லைசன்ஸ் விஎம் சோறு போடுது, அப்ப அதுதான் பேரன்ட். பில்லிங் சாப்பிடுது, அது சைல்ட். இப்படி இழுத்து வெச்சுட்டு, சோதனைக்கு லைசன்ஸ் சர்வீஸ்ல கொஞ்சம் சேட்டை பண்ணிப் பாத்தேன். பில்லிங் அசையவே இல்ல. பச்சை!

அந்த மரத்துல கணக்கே வேற. கீழ இருக்கிற பிள்ளைங்க உடம்பு எப்படி இருக்கோ, அதைப் பொறுத்துதான் மேல இருக்கிற அப்ளிகேஷனோட உடம்பு. பென்ஷன் இல்லாத அப்பான்னு வெச்சுக்குங்க. பிள்ளைங்க சம்பாதிச்சாத்தான் அவருக்குச் சோறு. அதனால பில்லிங்ங்கிற சேவைதான் மேல. டேட்டாபேஸ், லைசன்ஸ், வெப் எல்லாம் கீழ. மாத்திப் போட்டதும் சரியா வந்துச்சு.

சரியா வந்த சந்தோஷத்துல எல்லாத்தையும் எல்லாத்தோடயும் முடிச்சுப் போட்டுட்டேன். டிஎன்எஸ் எல்லாருக்கும் வேணும்தானே? போடு. பேக்கப் சர்வர்? போடு. பிரின்ட் சர்வர்? அதையும் போடு. ஒரு ராத்திரி பிரின்ட் சர்வர்ல டிஸ்க் நெறஞ்சுது. கம்பெனியில உள்ள அத்தனை சேவையும் சிவப்பு. என் போன்ல 140 மெசேஜ். ஊர்ல ஒரு நாய் குரைச்சா எல்லா நாயும் குரைக்குமே, அந்த மாதிரி. எந்த நாய் முதல்ல குரைச்சுதுன்னு கண்டுபிடிக்கவே விடிஞ்சுடுச்சு.

சொந்தமே இல்லன்னு விட்டாலும் ஆபத்து. ஊரே சொந்தம்னாலும் ஆபத்து.

திண்ணையில உக்காந்து பேப்பர்ல கோடு கோடா போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா வந்து எட்டிப் பாத்தாரு. (அப்பா வயக்காரரு. வாய்க்கா வெட்டுக்கு ஆள் சேக்கிறதுல கில்லாடி.)

"இன்னாம்மா இது, சிலந்திக்கூடு கணக்கா?"

சொன்னேன். எந்த மெஷினு எதை நம்பி ஓடுதுன்னு தெரியல, பழைய ஆளுங்களைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னு.

"ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்க ஆபீசுலயா போய்க் கேப்ப? வாய்க்கா மேலயே நடந்துக்கினு போனா தானா தெரிஞ்சிடுது."

அவ்ளோதான் சொன்னாரு. மாட்டைக் கட்டப் போயிட்டாரு.

நான் வாய்க்கா மேல நடந்தேன். ஒவ்வொரு விஎம்முக்குள்ளயும் போய், நெட்ஸ்டாட் போட்டு, யாரு யாருகிட்ட எந்த போர்ட்ல பேசுறான்னு எடுத்தேன். பயர்வால் லாகையும் சேத்து வெச்சேன். மனுஷங்க சொன்னதுல பாதி தப்பு. 'இது எதுக்குமே வேணாம்'னு சொன்ன மெஷின்கிட்ட மூணு பேர் தண்ணி எடுத்துட்டு இருந்தாங்க. 'இது ரொம்ப முக்கியம், கை வெக்காதீங்க'ன்னு சொன்ன ஒண்ணுகிட்ட யாருமே பேசல.

ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில ஓடுற வாய்க்காலை சித்திரையில பாத்தா காஞ்ச பள்ளம்தான். ஜிஎஸ்டி தாக்கல், மாசக் கடைசி சம்பளம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டாக் கணக்கு, இதெல்லாம் அப்பப்பதான் ஓடும். நான் மூணு மாசம் லாக் சேத்தேன். அதான் இந்தப் பதிவு இவ்ளோ லேட்டு.

அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே கேள்வி கேட்டேன். இது நின்னா யாரு, எத்தனை நிமிஷத்துல போன் பண்ணுவாங்க? அஞ்சு நிமிஷத்துல பண்ணுவாங்கன்னா அது நிஜமான சொந்தம், கோடு இருக்கட்டும். நாளைக்குச் சொல்லுவாங்கன்னா கோடு இருக்கட்டும், ராத்திரி அலர்ட் வேணாம். யாருமே பண்ண மாட்டாங்கன்னா கோட்டை அழி. 140 மெசேஜ் இப்ப மூணு நாலா கொறஞ்சிருக்கு.

இந்த மாதிரி யோசிக்கிறது எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லன்னு அப்புறம் தோணுச்சு. 1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூர்ல ஒரு தகவல் மையம் வெச்சு, அங்கேர்ந்து சுத்துப்பட்டு கிராமத்துக்கு ரேடியோ அலை வழியா சேதி அனுப்புனாங்க. சில இடத்துல கரன்டுக்கு சோலார். வீராம்பட்டினத்து மீனவங்களுக்கு கடல் அலை எவ்ளோ உசரம் வரும்னு அமெரிக்கக் கடற்படை வெப்சைட்லேர்ந்து எடுத்து, கடற்கரையில லவுட்ஸ்பீக்கர்ல சொன்னாங்க. வீராம்பட்டினம் வில்லியனூர் கொம்யூனே கிடையாது, அரியாங்குப்பம். ஆனா அலையை நம்பி இருக்கிறவன் அவன்தானே? தேவை எங்கயோ அங்க கோடு போட்டிருக்காங்க.

கடைசியா ஒரு சின்ன பாடம், பேர் பத்தி.

விசென்டர்ல ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு அடையாள எண் இருக்கு. விஎம்முக்குப் பேரை மாத்துனா எண் மாறாது. ரூல், டேக், பேக்கப் எல்லாம் எண்ணைப் பிடிச்சுட்டு இருக்கிறதால ஒண்ணும் ஆகாது. ஆனா லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு மறுபடி சேத்தா? புது எண். பழைய சொந்தம் அத்தனையும் அறுந்துடும். பாண்டிச்சேரி 2006-ல புதுச்சேரி ஆச்சு. வண்டி நம்பர்ல இன்னிக்கும் பழைய 'பிஒய்'தான். பேர் மாறுச்சு, எண் மாறல, அதனால யாரும் வண்டியைத் திரும்பப் பதிவு பண்ணல. அதே மாதிரிதான்.

பேர் சேக்கிறதுலயும் ஒரு பாடம் இருக்கு. டிஆர்எஸ் ரூலுக்கான குரூப்ல விஎம்மை ஒவ்வொண்ணா கையால சேக்குறோம் இல்ல, அது ரேஷன் கார்டுல பேர் சேக்கிற கதை. புதுசா பொறந்த பிள்ளை தானா அதுல வராது. அதனால இப்ப எந்த விஎம் உண்டாக்குனாலும் முதல் வேலை டேக் ஒட்டுறது. எந்த சேவை, யாரு பொறுப்பு, நின்னா யாரைக் கூப்பிடணும். ஆரியால குரூப்பை டேக் வெச்சு கட்டிட்டா புதுசா வர்றது தானா உள்ள சேந்துக்கும். தம்பிகிட்ட சொல்லிட்டேன், டேக் இல்லாத விஎம்முக்கு டீ கிடையாதுன்னு.

'டெஸ்ட்-பழசு' இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கான். பேரை மட்டும் மாத்திட்டேன். 'லைசன்ஸ்-அணைக்காதே'.

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் உங்க லிஸ்ட்லயும் தேடிப் பாருங்க. டெஸ்ட், டெம்ப், பழசு, புதுசு2 இப்படி ஏதாவது ஒண்ணு கட்டாயம் இருக்கும். அணைக்காதீங்க. முதல்ல வாய்க்கா மேல கொஞ்சம் நடந்துட்டு வாங்க.